பிஎச்பியில் எக்ஸ்எம்எல் படிக்கும்போது சில எலிமென்ட்கள் மட்டும் காலியாக வருவது ஏன்?

உங்கள் கேள்வி "பிஎச்பியில் எக்ஸ்எம்எல் ஃபைலிலிருந்து எலிமென்ட்களை எப்படிப் படிப்பது" என்று தொடங்குகிறது. ஆனால் அதற்குக் கீழே எழுதியிருப்பதைப் பார்த்தால் நீங்கள் ஏற்கனவே பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள் என்று தெரிகிறது. டேக்குகளுக்குள் தரவை எழுதும் எக்ஸ்எம்எல் வடிவில் ஒரு நூல் பட்டியல் (டேக்கும் அதன் உள்ளடக்கமும் சேர்ந்தது ஒரு எலிமென்ட்), அதை சிம்பிள்எக்ஸ்எம்எல் என்ற பிஎச்பி வசதியைக் கொண்டு திறக்கிறீர்கள், பிழை எதுவும் வரவில்லை. பிரிண்ட் ஆர் (மதிப்பை அச்சடித்துக் காட்டும் ஃபங்ஷன்) போட்டால் தலைப்பும் ஆசிரியரும் வருகின்றன, குறிப்பு காலியாக இருக்கிறது, அட்டைப்படம் அடியோடு காணோம், எக்ஸ்பாத்தில் (பாதை எழுதி எலிமென்ட் தேடும் மொழி) தேடினால் வெற்று அரே, அதாவது காலிப் பட்டியல், திரும்புகிறது. அதே ஃபைலை எடிட்டரில் திறந்தால் எல்லாம் கண்ணெதிரே இருக்கிறது. ஆக, நீங்கள் உண்மையில் கேட்பது எப்படிப் படிப்பது என்பதை அல்ல, ஃபைலில் இருப்பது என் நிரலுக்கு ஏன் தெரியவில்லை என்பதைத்தான்.

வெளியிலிருந்து வரும் பட்டியல்களை எடுத்து டேட்டாபேஸில் ஏற்றும் நிரல்களைப் பல வருடங்களாக எழுதி வருகிறேன், அதனால் இந்த மூன்று அறிகுறிகளும் எனக்குப் பழக்கமானவை. எது எவ்வளவு உறுதி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அட்டைப்படம் தெரியாததற்கு நேம்ஸ்பேஸ்தான் (டேக் பெயர்கள் மோதாமல் பிரிக்கும் ஏற்பாடு) காரணம், நீங்கள் போட்டிருக்கும் நாலு வரியிலேயே அந்த டேக் பெயரில் முக்காற்புள்ளி இருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. எக்ஸ்பாத் வெறுங்கையோடு வருவதற்கும் அதன் இன்னொரு முகம்தான் காரணமாக இருக்க வேண்டும், ஆனால் ஃபைலின் முதல் டேக்கை நீங்கள் காட்டவில்லை, அதனால் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குதான் உறுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பு காலியாகத் தெரிவதற்கு சிடேட்டா (எழுத்தை அப்படியே வைக்கும் ஒரு பகுதி, கீழே விளக்குகிறேன்) காரணம் என்பது என் ஊகம், அதை அரை நிமிடத்தில் நீங்களே சோதித்துவிடலாம்.

பேச வசதியாக ஒரு சின்ன ஃபைலை வைத்துக்கொள்வோம். மேலே ரூட் எலிமென்ட் (மற்ற எல்லாவற்றையும் உள்ளடக்கும் வெளி எலிமென்ட்) `<நூலகம்>`, அதற்குள் பல `<நூல் எண்="12">`, ஒவ்வொரு நூலுக்குள்ளும் `<தலைப்பு>`, `<ஆசிரியர்>`, `<குறிப்பு>`, கடைசியாக `<படம்:அட்டை கோப்பு="...">`. தமிழில் டேக் பெயர் வைக்கலாமா என்று தோன்றினால், தாராளமாக வைக்கலாம். எக்ஸ்எம்எல் தமிழ் எழுத்துகளைப் பெயர்களில் ஏற்கிறது, பிஎச்பியும் தமிழில் எழுதிய வேரியபிளை ஏற்கிறது, ஃபைல் யூடிஎஃப்-8 ஆக இருந்தால் போதும். மெத்தட் பெயர்களையும் பிஎச்பி, எக்ஸ்எம்எல் ஆகியவற்றின் சொந்தச் சொற்களையும் மட்டும் இங்கே ஒலிப்பில் எழுதுகிறேன், எடிட்டரில் அவற்றை வழக்கமான ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ரூட் எலிமென்ட். சிம்பிள்எக்ஸ்எம்எல் லோட் ஃபைல் திருப்பித் தருகிற ஆப்ஜெக்ட் இருக்கிறதே, அது "ஆவணம்" அல்ல, அதுவே ரூட் எலிமென்ட். அதாவது `$நூலகம்` என்ற வேரியபிளில் ஃபைலைத் திறந்தால் நூல்களுக்குப் போகும் வழி `$நூலகம்->நூல்`. பலரும் `$ஃபைல்->நூலகம்->நூல்` என்று எழுதிவிட்டு ஒன்றுமே வரவில்லை என்பார்கள், நூலகத்துக்குள் இன்னொரு நூலகத்தைத் தேடினால் எங்கிருந்து வரும்? இதில் வம்பு என்னவென்றால், இல்லாத பிள்ளையை, அதாவது உள்ளே இல்லாத எலிமென்ட்டை, கேட்டால் சிம்பிள்எக்ஸ்எம்எல் பிழை எழுப்பாது, ஒரு வெற்று ஆப்ஜெக்டைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். இந்த மௌனம்தான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். அதனால் வேரியபிளுக்கு எப்போதும் ரூட் எலிமென்ட்டின் பெயரையே வைப்பது என் பழக்கம், அப்படி வைத்தால் இந்தத் தவறு கையில் வராது. நீங்கள் இதைச் சரியாகவே செய்திருக்கிறீர்கள், தலைப்பு வருகிறதே. இருந்தாலும் பின்னால் படிக்கப்போகிறவர்களுக்காகச் சொல்லிவைத்தேன்.

அடுத்தது பிரிண்ட் ஆர். எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தில் அதிக நேரத்தை விழுங்குவது அதுதான். பிரிண்ட் ஆர் சாதாரண அரேக்கும் ஆப்ஜெக்டுக்கும் ஏற்பட்டது. சிம்பிள்எக்ஸ்எம்எல் ஆப்ஜெக்டுக்கு உள்ளே பிஎச்பி ப்ராப்பர்ட்டி என்று எதுவும் கிடையாது, கீழே லிப்எக்ஸ்எம்எல் என்ற நிரல் தொகுப்பு கட்டி வைத்திருக்கும் மரத்தை (எலிமென்ட்கள் கிளைவிடும் அமைப்பை) அது எட்டிப் பார்க்கிறது, அவ்வளவே. பிரிண்ட் ஆர் கேட்கும்போது அந்த மரத்திலிருந்து தோராயமாக ஒரு படம் வரைந்து காட்டுகிறது, அந்தப் படத்தில் சிடேட்டா வராது, ப்ரிஃபிக்ஸ் (முக்காற்புள்ளிக்கு முன்னால் வரும் முன்னொட்டு) போட்ட எலிமென்ட்கள் வராது. வார் டம்ப்பும் அப்படியே. ஃபைலில் எது இருக்கிறது என்பதை அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அதற்குப் பதிலாக `$நூல்->ஆஸ்எக்ஸ்எம்எல்()` என்று அச்சடியுங்கள். அந்த எலிமென்ட்டையும் அதற்குக் கீழே உள்ள அத்தனையையும் எக்ஸ்எம்எல்லாகவே எழுதிக் காட்டும், உங்கள் அட்டைப்படம் அங்கே பத்திரமாக உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பீர்கள். பிரவுசரில் அச்சடித்தால் டேக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் போகும், அதனால் பக்கத்தின் மூலத்தைப் பாருங்கள் அல்லது கமாண்ட் லைனில் ஓட்டுங்கள்.

இப்போது குறிப்புக்கு வருவோம். ஃபைலில் அது `<![` என்று தொடங்கி `]]>` என்று முடிகிற சிடேட்டா பகுதிக்குள் இருந்தால் பிரிண்ட் ஆரில் காலி ஆப்ஜெக்டாகத்தான் தெரியும். ஆனால் எழுத்து அங்கேயே இருக்கிறது. `(ஸ்ட்ரிங்)$நூல்->குறிப்பு` என்று ஸ்ட்ரிங்காக மாற்றிப் பாருங்கள், முழுசாக வந்துவிடும். வந்தால் என் ஊகம் சரி. சிடேட்டா என்பது தனி வகைத் தரவு என்று பலர் நினைக்கிறார்கள், அது வெறும் எழுத்துதான், அதற்குள் வரும் `<`, `&` ஆகியவற்றை டேக்காகவோ என்டிட்டியாகவோ (வேறு எழுத்துக்குப் பதிலாக வைக்கும் சுருக்கப்பெயர்) எடுத்துக்கொள்ளாதே என்று பார்சருக்குச் சொல்லும் ஏற்பாடு மட்டுமே. ஃபைலைத் திறக்கும்போது நோ-சிடேட்டா என்ற ஃப்ளாக் (விருப்பக் குறி) கொடுத்தால் அந்தப் பகுதிகள் சாதாரண எழுத்தாக மாறி பிரிண்ட் ஆரிலும் தெரியும். ஆனால் ஸ்ட்ரிங்காக மாற்றிப் படிப்பவருக்கு அந்த ஃப்ளாக் தேவையே இல்லை.

ஸ்ட்ரிங்காக மாற்றுவது பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது இன்று உங்களைக் கடிக்காவிட்டாலும் அடுத்த வாரம் கடிக்கும். `$நூல்->தலைப்பு` என்பது ஸ்ட்ரிங் அல்ல, ஆப்ஜெக்ட். எக்கோ போட்டால் தானாக ஸ்ட்ரிங்காக மாறிவிடுவதால் நமக்கு அது தெரிவதில்லை. அதை மூன்று சமக்குறி போட்டு ஒரு ஸ்ட்ரிங்கோடு ஒப்பிட்டால் எப்போதும் பொய் என்றுதான் வரும். அரேயின் கீயாகப் போட்டால் பிழை. செஷனில் (பயனருக்கான தற்காலிகச் சேமிப்பில்) வைத்தால் சீரியலைஸ் செய்ய, அதாவது சேமிக்கும் எழுத்தாக மாற்ற, அனுமதியில்லை என்று நிரல் நின்றுவிடும். `$நூல்['எண்']` என்று ஆட்ரிபியூட்டை (டேக்குக்குள்ளேயே எழுதும் பண்பை) எடுத்து அப்படியே ஜேசன் என்ற தரவு வடிவமாக மாற்றினால், 12 என்று வர வேண்டிய இடத்தில் பூஜ்யம் என்ற கீயோடு ஒரு குட்டி ஆப்ஜெக்ட் வரும். அதனால் ஒரே விதி: மரத்திலிருந்து மதிப்பை வெளியே எடுக்கும் அந்த இடத்திலேயே, எலிமென்ட்டோ ஆட்ரிபியூட்டோ, `(ஸ்ட்ரிங்)` அல்லது `(இன்ட்)` போட்டுவிடுங்கள். நான் ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதி வைத்திருக்கிறேன், ஒரு நூல் எலிமென்ட்டை வாங்கி, வெறும் ஸ்ட்ரிங்குகள் கொண்ட அரேயைத் திருப்பித் தரும். அந்த ஃபங்ஷனுக்கு வெளியே சிம்பிள்எக்ஸ்எம்எல் ஆப்ஜெக்ட் ஒன்றுகூடப் போகாது.

இதில் ஒரு விதிவிலக்கும் உண்டு. குறிப்புக்குள் சிடேட்டா இல்லாமல் நேரடியாக வேறு டேக்குகள் கலந்திருந்தால், உதாரணமாக `<குறிப்பு>இது <அழுத்தம்>மிக</அழுத்தம்> பழைய நூல்</குறிப்பு>` என்று இருந்தால், ஸ்ட்ரிங்காக மாற்றும்போது குறிப்பின் நேரடி எழுத்து மட்டும் வரும், "மிக" என்ற சொல் விழுந்துவிடும். இப்படிக் கலந்த உள்ளடக்கத்துக்கு சிம்பிள்எக்ஸ்எம்எல் ஏற்றதல்ல. அதற்கு டாம் என்ற இன்னொரு எக்ஸ்எம்எல் வசதி இருக்கிறது. டாம் இம்போர்ட் சிம்பிள்எக்ஸ்எம்எல் என்ற ஃபங்ஷனில் அந்த எலிமென்ட்டைக் கொடுத்து, வருகிற டாம் நோடின் டெக்ஸ்ட்கன்டென்ட்டைப் படியுங்கள், உள்ளே எத்தனை அடுக்கு இருந்தாலும் முழு எழுத்தும் கிடைக்கும். இரண்டும் ஒரே லிப்எக்ஸ்எம்எல் மரத்தின் மேல்தான் நிற்கின்றன, அதனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதற்குச் செலவு கிடையாது.

சரி, அட்டைப்படம். இங்கேதான் கொஞ்சம் நின்று புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. எக்ஸ்எம்எல் 1.0 வந்தது 1998 பிப்ரவரியில், நேம்ஸ்பேஸ் பற்றிய தனிப் பரிந்துரை வந்தது 1999 ஜனவரியில். அந்த ஒரு வருட இடைவெளி இன்றும் நம் தலையில் விழுகிறது, ஏனென்றால் முதலில் டேக் பெயர் என்பது வெறும் ஒரு சொல், அதற்குப் பிறகு அது இரண்டு பாகமாகிவிட்டது. `படம்:அட்டை` என்பதன் உண்மையான பெயர் "அட்டை" என்ற சொல்லும் ஒரு நேம்ஸ்பேஸ் முகவரியும் சேர்ந்தது. அந்த முகவரி எங்கே இருக்கிறது என்றால், பெரும்பாலும் ரூட் டேக்கில், `எக்ஸ்எம்எல்என்எஸ்:படம்="..."` என்ற ஆட்ரிபியூட்டின் மேற்கோளுக்குள். "படம்" என்ற ப்ரிஃபிக்ஸ் அந்த நீண்ட முகவரிக்கு இந்த ஃபைலுக்குள் மட்டும் வைத்த செல்லப்பெயர். முகவரி பார்க்க வலைத்தள முகவரி போல இருந்தாலும் யாரும் அங்கே போய் எதையும் எடுப்பதில்லை, அது வெறும் அடையாளம், எழுத்துக்கு எழுத்து ஒப்பிடப்படும். கடைசியில் ஒரு சாய்கோடு விட்டுப்போனாலோ எச்டிடிபி என்பதற்குப் பதில் எச்டிடிபிஎஸ் என்று எழுதினாலோ அது வேறு நேம்ஸ்பேஸ், உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது, பிழையும் வராது. ஃபைலிலிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள், நினைவிலிருந்து அடிக்காதீர்கள்.

அந்த முகவரியை `படம்_முகவரி` என்று ஒரு கான்ஸ்டன்ட்டாக வைத்துக்கொண்டால் படிக்கும் வழி `$நூல்->சில்ட்ரன்(படம்_முகவரி)->அட்டை`. சில்ட்ரன் மெத்தட்டுக்கு இந்த நேம்ஸ்பேஸில் உள்ள பிள்ளைகளைக் காட்டு என்று சொல்கிறோம், அவ்வளவுதான். அடுத்து அதன் ஆட்ரிபியூட் வேண்டும். இந்த இடத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது: ப்ரிஃபிக்ஸ் இல்லாத ஆட்ரிபியூட், தன் எலிமென்ட் எந்த நேம்ஸ்பேஸில் இருந்தாலும் சரி, தான் எந்த நேம்ஸ்பேஸிலும் சேராது. ஆனால் சில்ட்ரன் வழியாக வந்த எலிமென்ட்டில் சதுர அடைப்புக்குறி போட்டு ஆட்ரிபியூட் கேட்டால் சிம்பிள்எக்ஸ்எம்எல் அதையும் அந்த நேம்ஸ்பேஸுக்குள்ளேயே தேடும், காலியாக வரும். `->அட்டை->ஆட்ரிபியூட்ஸ்()->கோப்பு` என்று கேளுங்கள், வந்துவிடும். உங்கள் அட்டைப்படத்துக்கான முழு விடை இதுதான், ஸ்ட்ரிங்காக மாற்ற மறக்காதீர்கள்.

சில்ட்ரன் மெத்தட்டுக்கு முகவரிக்குப் பதிலாக `'படம்', ட்ரூ` என்று ப்ரிஃபிக்ஸையே கொடுக்கலாம், வலையில் கிடைக்கும் பல பதில்கள் அதைத்தான் சொல்கின்றன, சின்னதாக இருப்பதால் எல்லோரும் அதையே நகலெடுக்கிறார்கள். நான் வேண்டாம் என்பேன், அனுபவப்பட்டுச் சொல்கிறேன். ஒரு முறை பட்டியல் அனுப்புகிறவர்கள் தங்கள் மென்பொருளை மாற்றினார்கள், புது மென்பொருள் அதே முகவரிக்கு வேறு ப்ரிஃபிக்ஸ் வைத்தது. விதிப்படி அது அதே ஆவணம்தான், அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. என் நிரல் ப்ரிஃபிக்ஸை நம்பி எழுதப்பட்டிருந்தது, ஒரு வாரம் முழுக்கப் படமே இல்லாத பதிவுகளை ஒரு எச்சரிக்கையும் இல்லாமல் எழுதிக்கொண்டே போனது. முகவரியைக் கொடுத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

இப்போது எக்ஸ்பாத். நீங்கள் `//நூல்` என்று தேடி வெற்று அரே வாங்கியிருக்கிறீர்கள், அதே நேரம் `$நூலகம்->நூல்` வேலை செய்கிறது. இந்த முரண்பாட்டைப் பார்த்ததும் ரூட் டேக்கில் ப்ரிஃபிக்ஸ் இல்லாத ஒரு நேம்ஸ்பேஸ், அதாவது முக்காற்புள்ளி இல்லாமல் `எக்ஸ்எம்எல்என்எஸ்="..."` என்று ஒன்று, இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அப்படி இருந்தால் உள்ளே ப்ரிஃபிக்ஸ் இல்லாமல் வரும் எல்லா எலிமென்ட்களும் அந்த நேம்ஸ்பேஸைச் சேர்ந்தவை. அம்புக்குறி போட்டு எழுதும்போது சிம்பிள்எக்ஸ்எம்எல் ப்ரிஃபிக்ஸ் இல்லாதவற்றை எல்லாம் தாராளமாகக் காட்டிவிடுகிறது, அதனால் அங்கே பிரச்சினை தெரியவில்லை. எக்ஸ்பாத் அப்படி இல்லை. பிஎச்பிக்குள் இருப்பது 1999 நவம்பரில் வந்த எக்ஸ்பாத் 1.0, அதன் விதிப்படி ப்ரிஃபிக்ஸ் இல்லாத பெயர் என்றால் எந்த நேம்ஸ்பேஸிலும் சேராத எலிமென்ட் என்று மட்டுமே பொருள். ஃபைலில் அப்படி ஒரு நூல் இல்லை, அதனால் இல்லை என்கிறது. அது சொல்வது சரிதான்.

வழி எளிது. `$நூலகம்->ரிஜிஸ்டர்எக்ஸ்பாத்நேம்ஸ்பேஸ்('நூ', நூலக_முகவரி)` என்று நீங்களே ஒரு செல்லப்பெயரை வைத்துவிட்டு `//நூ:நூல்` என்று தேடுங்கள். ஃபைலில் அந்தப் பெயர் எங்கேயும் இல்லையே என்று யோசிக்க வேண்டாம், முகவரி ஒத்துப்போனால் போதும். பாதையில் பல படிகள் இருந்தால் ஒவ்வொரு படிக்கும் போட வேண்டும், `//நூ:நூல்/நூ:தலைப்பு` என்று. முதல் படிக்கு மட்டும் போட்டுவிட்டு மீண்டும் காலி என்று வருகிறவர்கள் நிறைய. அப்புறம், செல்லப்பெயரை இப்படிப் பதிந்தது அந்த ஒரு ஆப்ஜெக்டுக்கு மட்டும்தான். லூப்புக்குள் வரும் ஒவ்வொரு நூலின் மேலும் தனியாக எக்ஸ்பாத் ஓட்டினால் அங்கே திரும்பவும் பதிய வேண்டியிருக்கும்.

லூப்புக்குள் எக்ஸ்பாத் ஓட்டுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். `$நூல்->எக்ஸ்பாத்('//நூ:தலைப்பு')` என்று எழுதினால் அது அந்த நூலுக்குள் தேடாது, இரட்டைச் சாய்கோடு எங்கிருந்து ஓட்டினாலும் ஆவணத்தின் உச்சியிலிருந்துதான் தொடங்கும். விளைவாக, வரும் அரேயில் முதலாவதை எடுத்தால் ஒவ்வொரு நூலுக்கும் முதல் நூலின் தலைப்பே வரும். இந்த நூலுக்குள் என்று சொல்ல முன்னால் ஒரு புள்ளி வைக்க வேண்டும், `.//நூ:தலைப்பு`. நேரடிப் பிள்ளை என்றால் வெறும் `நூ:தலைப்பு` போதும்.

லோக்கல் நேம் ஃபங்ஷனை வைத்து நேம்ஸ்பேஸையே பார்க்காமல் `//*[லோக்கல்-நேம்()='நூல்']` என்று தேடும் வழியையும் யாராவது உங்களுக்குச் சொல்வார்கள். வேலை செய்யும். புது ஃபைலில் என்ன இருக்கிறது என்று துழாவும்போது நானும் பயன்படுத்துகிறேன். நிரந்தரமாக ஓடப்போகும் நிரலில் வைக்காதீர்கள், இரண்டு நேம்ஸ்பேஸ்களில் ஒரே பெயர் வந்தால் இரண்டையும் அள்ளிக்கொண்டு வந்துவிடும், அந்த மோதலைத் தவிர்க்கத்தானே நேம்ஸ்பேஸே வந்தது. ஃபைலில் என்னென்ன நேம்ஸ்பேஸ் இருக்கிறது என்று பார்க்க `$நூலகம்->கெட்டாக்நேம்ஸ்பேசஸ்(ட்ரூ)` என்று கேளுங்கள், ஆவணம் முழுக்க அறிவிக்கப்பட்ட ப்ரிஃபிக்ஸையும் முகவரியையும் அரேயாகத் தரும். அந்த அரேயில் கீ காலியாக உள்ள ஒரு முகவரி வந்தால் எக்ஸ்பாத் பற்றி நான் சொன்னது உறுதியாகிவிடும். வராவிட்டால் என் கணிப்பு தவறு, அப்போது பாதையை எழுத்துக்கூட்டிப் பாருங்கள், ஆங்கிலப் பெயர்கள் என்றால் பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசத்தையும் பாருங்கள், எக்ஸ்எம்எல்லில் அவை வெவ்வேறு பெயர்கள்.

ஃபைல் திறக்காமலே போகிற நாளும் வரும். திறந்ததா என்று சோதிக்கும்போது `=== ஃபால்ஸ்` என்று எழுதுங்கள், வெறும் இஃப் போடாதீர்கள். பிள்ளையும் ஆட்ரிபியூட்டும் எழுத்தும் இல்லாத எலிமென்ட்டை பிஎச்பி பொய் என்று மதிப்பிடும், அதனால் `<நூலகம்/>` என்று காலிப் பட்டியல் வந்தால் சரியான ஃபைலையே உடைந்த ஃபைல் என்று முடிவு கட்டிவிடுவீர்கள். திறப்பதற்கு முன்னால் லிப்எக்ஸ்எம்எல் யூஸ் இன்டர்னல் எரர்ஸ் ஃபங்ஷனுக்கு ட்ரூ கொடுத்துவிட்டால் எச்சரிக்கைகள் திரையில் சிதறாமல் உள்ளே சேரும், பிறகு லிப்எக்ஸ்எம்எல் கெட் எரர்ஸ் அவற்றை வரி எண்ணோடு தரும். பல பிழைகள் வந்தாலும் முதல் பிழையை மட்டும் பாருங்கள், மற்றவை பெரும்பாலும் அதன் வால்கள். நான் அதிகம் பார்த்தது நான்கு வகை. எழுத்துக்கு நடுவே எஸ்கேப் செய்யாமல் (என்டிட்டியாக மாற்றாமல்) விட்ட `&`. எச்டிஎம்எல்லில் பழகிய, `&` என்று தொடங்கும் என்டிட்டிகளை இங்கேயும் எழுதுவது, எக்ஸ்எம்எல்லுக்கு அறிவிக்காமலே தெரிந்தவை ஐந்துதான், `&`, `<`, `>`, இரண்டு வகை மேற்கோள் குறிகள் ஆகியவற்றுக்கானவை. `<?` என்று தொடங்கும் முதல் வரிக்கு முன்னால் ஒரு வெற்று வரி. நான்காவது, யூடிஎஃப்-8 என்று அறிவித்துவிட்டு வேறு என்கோடிங்கில் எழுதிய பைட்டுகள். வெற்று வரி உங்கள் பக்கத்து வேலை, ட்ரிம் செய்தால் தீரும். மற்ற மூன்றையும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் வைத்து ஒட்டுப்போடாமல் அனுப்புகிறவர்களிடம் சொல்லித் திருத்தச் செய்யுங்கள். ஒட்டுப்போட்டால் அது உங்கள் கைக்கு நிரந்தர வேலையாகிவிடும்.

முழு எக்ஸ்எம்எல்லையும் ஜேசனாக்கி, உடனே டிகோட் செய்து அரேயாக்கும் ஒருவரி வித்தை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது, "இது எளிதாகத் தெரிகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். செய்யாதீர்கள். எழுத்தும் ஆட்ரிபியூட்டும் சேர்ந்து உள்ள எலிமென்ட்டில் ஆட்ரிபியூட் காணாமல் போகும். நேம்ஸ்பேஸ் உள்ளவை வராது. இதைவிட மோசம், பட்டியலில் பத்து நூல் இருந்தால் `நூல்` ஒரு பட்டியலாக வரும், ஒரே நூல் இருந்தால் பட்டியல் இல்லாமல் நேரடியாக அந்த நூலே வரும். சோதனையில் எல்லாம் ஓடும், ஒரே ஒரு நூல் வரும் நாளில் உங்கள் லூப் அந்த நூலின் தலைப்பையும் ஆசிரியரையும் தனித்தனி நூல்களாக எண்ணிக்கொண்டு ஓடும். `ஃபார்ஈச் ($நூலகம்->நூல் அஸ் $நூல்)` என்று நேரடியாக எழுதினால் ஒன்று இருந்தாலும் நூறு இருந்தாலும் ஒன்றுமே இல்லாவிட்டாலும் சரியாக நடக்கும்.

பட்டியல் இனி பெரிதாகும் என்று சொல்லியிருக்கிறீர்கள். சிம்பிள்எக்ஸ்எம்எல்லும் டாமும் முழு ஃபைலையும் மெமரியில் மரமாகக் கட்டும், அந்த மரம் ஃபைலின் அளவைப் போல் பல மடங்கு இடம் பிடிக்கும். சில மெகாபைட் வரை கவலையே வேண்டாம். நூற்றுக்கணக்கான மெகாபைட் என்றால் எக்ஸ்எம்எல்ரீடருக்குப் போங்கள். அது ஃபைலை ஒரு முனையிலிருந்து வாசித்துக்கொண்டே போகும், ஒரு நேரத்தில் ஒரு நோடில் மட்டும் நிற்கும். எல்லாவற்றையும் அதிலேயே எழுதினால் நிரல் சிக்கலாகிவிடும், நான் செய்வது இரண்டையும் கலப்பது: முதல் நூல் வரும் வரை ரீட் மெத்தட்டில் நகர்த்திவிட்டு, அங்கே எக்ஸ்பாண்ட் செய்து, அந்த ஒரு நூலை மட்டும் சிம்பிள்எக்ஸ்எம்எல் இம்போர்ட் டாம் மூலம் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்து, மேலே சொன்ன ஃபங்ஷனிடம் கொடுத்துவிட்டு, `நெக்ஸ்ட்('நூல்')` என்று அடுத்ததற்குத் தாவுவது. ரீட், நெக்ஸ்ட் இரண்டையும் ஒரே லூப்பில் மாறிமாறி அழைக்காதீர்கள். இடையில் வெற்றிடமே இல்லாமல் எழுதப்பட்ட ஃபைல் என்றால் ஒரு நூல் விட்டு ஒரு நூல் தவறிப்போகும், இடைவெளி விட்டு எழுதிய உங்கள் சோதனை ஃபைலில் அது தெரியவே தெரியாது.

பாதுகாப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் முன்பின் தெரியாதவர்கள் ஏற்றும் ஃபைல் என்றால் சொல்லியாக வேண்டும். எக்ஸ்எம்எல்லில் என்டிட்டி மூலம் சர்வரில் உள்ள வேறு ஃபைலை உள்ளே இழுக்க முடியும். லிப்எக்ஸ்எம்எல் 2.9 முதல் இது இயல்பாக அடைக்கப்பட்டிருக்கிறது, அதனால்தான் பிஎச்பி 8.0 வந்தபோது அதை அடைக்கும் பழைய ஃபங்ஷன் கைவிடப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அடைப்பை நீங்களே திறந்துவிடும் வழியும் இருக்கிறது: நோ-என்ட் என்ற ஃப்ளாக். பெயரைப் பார்த்தால் என்டிட்டி வேண்டாம் என்று சொல்வது போல இருக்கும், அது செய்வது நேர் எதிர், என்டிட்டிகளை விரித்து உள்ளே வைக்கும். எங்கிருந்தோ நகலெடுத்த வரியில் அது இருந்தால் எடுத்துவிடுங்கள்.

இதையே பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்ட்டில் செய்ய வேண்டி வந்தால் டாம்பார்சர் இருக்கிறது. உடைந்த எக்ஸ்எம்எல் கொடுத்தால் அது எக்செப்ஷன் எறியாது, பார்சர்எரர் என்ற எலிமென்ட்டைக் கொண்ட ஆவணத்தைத் திருப்பித் தரும், அதை நீங்கள் தேடிப் பார்க்க வேண்டும். நேம்ஸ்பேஸ் கதை அங்கேயும் அதேதான், பெயர் மட்டும் கொடுக்கும் மெத்தட்டை விட முகவரியும் பெயரும் சேர்த்து வாங்கும் கெட் எலிமென்ட்ஸ் பை டேக் நேம் என்எஸ் மெத்தட்டைப் பழகிக்கொள்ளுங்கள். பிஎச்பி பக்கத்தில் 8.4 பதிப்பிலிருந்து புது டாம் வகுப்புகள் வந்திருக்கின்றன, குவெரி செலக்டர் போட்டு எலிமென்ட் தேடலாம். ஆனால் உங்கள் வேலைக்கு சிம்பிள்எக்ஸ்எம்எல்லே போதும், இதற்காகப் பதிப்பை மாற்ற வேண்டியதில்லை.

முதலில் `$நூலகம்->நூல்[0]->ஆஸ்எக்ஸ்எம்எல்()` அச்சடியுங்கள், அடுத்து நேம்ஸ்பேஸ் பட்டியலை அச்சடியுங்கள், பிறகு அட்டைக்கு சில்ட்ரனும் தேடலுக்கு ப்ரிஃபிக்ஸும் சேருங்கள். அதற்குப் பிறகும் எக்ஸ்பாத் காலியாகவே வந்தால் ரூட் டேக்கின் முழு வரியையும் உங்கள் எக்ஸ்பாத் வரியையும் மாற்றாமல் அப்படியே ஒட்டுங்கள், அந்த இரண்டு வரியை வைத்துச் சொல்லிவிடலாம்.